இடது பக்கத்து டாட்

தையல்காரிக்கும் வக்கீலம்மாவுக்கும் மார்பளவு ஒன்றுதான், முப்பத்தாறு. அதனால் அவளுடைய சட்டைகளைத் தன் மேல் போட்டுப் பார்த்தே தையல்காரி சரிபார்ப்பாள்.

ஆறு மாதத்துக்கு முன் அளவெடுக்கும்போது, வக்கீலம்மாவின் இடது அக்குளோரம் விரலில் ஒரு கட்டி தட்டியது. அதே இடத்தில் தனக்கும் ஒன்று இருந்ததால் தையல்காரிக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள்.

வக்கீலம்மா மறுநாளே போனாள். பத்தே நாளில் ஆபரேஷனும் முடிந்தது. தையல்காரி அவளுக்கு முன்பே தர்மாஸ்பத்திரியில் சீட்டு வாங்கியிருந்தாள். ஸ்கேனுக்கு மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து மெஷின் படுத்துவிட்டது. போன வாரம்தான் டாக்டர் முடிவைச் சொன்னார்: அடுத்த மாசம் மார்பை முழுசாக எடுக்க வேண்டும். "முன்னாடியே வர்றதுக்கென்ன?" என்று கடிந்துகொண்டார் மகராசன்.

இந்த லட்சணத்தில் வக்கீலம்மா புதுத் துணியை டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். ஆபரேஷன் ஆனவளிடம் அளவு கேட்பது நாகரிகமில்லை என்று தையல்காரி தானாகவே இடது பக்கம் மார்புக்கு இடம் விடும் டாட் மடிப்பைப் பிடிக்காமல், தட்டையாகத் தைத்தாள். நல்ல மனசு என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். உள்ளுக்குள் வேறு ஒன்றும் இருந்தது. பணம் இருந்தும் அவளுக்கும் போயிற்றே என்ற அற்ப நிம்மதி.

சட்டையை வாங்க நேரில் வந்த வக்கீலம்மா, திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். இடது பக்கம் விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது. பட்டன் சேரவில்லை.

"இடது பக்கம் டாட் பிடிக்க மறந்துட்டீங்களேக்கா."

"எடுக்கலையா?"

"கட்டியை மட்டும்தான் எடுத்தாங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சதால தப்பிச்சேன். எல்லாம் உங்க புண்ணியம்."

தையல்காரி டேப்பைச் சுற்றிப் பிடித்தாள். அதே முப்பத்தாறு. அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கண்டுபிடித்த விரல் தன்னுடையது, தப்பித்த மார்பு இன்னொருத்தியுடையது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் எரிச்சல் அடங்கவில்லை.

பிரித்துத் தைக்க முடியுமா என்று வக்கீலம்மா கேட்டாள்.

"வேணாம், கழட்டிக் குடுங்க. உங்களுக்கு வேற தச்சுத் தர்றேன்." தையல்காரி அந்தச் சட்டையை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது இருக்கட்டும். அடுத்த மாசம் எனக்குச் சரியா இருக்கும்."