ஐந்தாம் நாள் கறி

“அந்தக் கறி மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டிடுங்க சார்.”

சங்கவி இதைச் சொன்னதும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தனக்கொடியின் கை அப்படியே நின்றது. பதினோரு மாதத்துக்கு முன் சங்கவியை இந்த வேலைக்கு அனுப்பும்போது அவள் அம்மா பச்சையம்மாள் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி அனுப்பினாள். வீராம்பட்டினத்தில் மீன் விற்கிறவள் அவள். “லீவு கேளு, அட்வான்ஸ் கேளு, என்னா வேணா கேளு. அவன் சரக்க கொட்டச் சொல்லி மட்டும் கேக்காத. என் கூடையப் பாத்து ஒருத்தி அப்படிச் சொன்னா நானே வுட மாட்டேன், முதலாளி வுடுவானா?”

முதலாளி புருஷோத்தமன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்னா சொன்ன?”

“கொட்டிடுங்கன்னு சொன்னேன். செவ்வாக்கிழமை வெந்த கறி. இன்னிக்கு சனிக்கிழமை.”

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற சின்ன சாண்ட்விச் கடை அது. வாசலில் நான்கு மேசை, உள்ளே ஒரு சமையல்கட்டு. அந்தக் கறியை இந்தக் கடைக்குள் கொண்டுவந்ததே சங்கவிதான். அதனால்தான் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம்.

அவள் சேர்ந்த புதிதில், நறுக்கிப் பொட்டலம் போட்ட கோழிக்கறியைக் கிலோ தொள்ளாயிரம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, படித்தது மைக்ரோபயாலஜி, கிடைத்தது சாண்ட்விச் கடை. சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் பில் காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினாள். எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்கி, ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டி, கொதிக்க விடாமல் சிறு தீயில் வேகவைத்தால் போதும். வெந்து சுண்டியது போக, மசாலா, கேஸ் எல்லாம் சேர்த்தாலும் பாதி விலைதான். சூட்டோடு நறுக்கினால் உதிர்ந்து போகும். ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டு மறுநாள் நறுக்கினால் காகிதம் மாதிரி வரும். மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து நறுக்கும் மெஷினைப் பழைய சாமான் விலைக்குப் பிடித்தார் புருஷோத்தமன். மூன்றே மாதத்தில் மெஷின் விலையும் வந்துவிட்டது. “எல்லாம் நம்ம மூளை” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விடாதது ஒன்றுதான். பொட்டலக் கறியில் கெடாமலிருக்க மருந்து இருக்கிறது, மாதக்கணக்கில் தாங்கும். நாம் வேகவைக்கிற கறி மூன்று நாள், அதற்கு மேல் ஒரு வேளைகூட இல்லை. ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுவாள். அன்றைக்கு மாடு மாதிரித் தலையாட்டியவர்தான் இவர்.

புரட்டாசி பிறந்ததும் கோழி விலை இறங்கியது. புருஷோத்தமனுக்குக் கை அரித்தது. ஒரே நாளில் பதினைந்து கிலோ வாங்கிவந்து இறக்கினார்.

“விலை ஏன் சார் இறங்குச்சு? ஊர்ல ஒருத்தரும் கறி திங்கலன்னுதானே? அப்ப இத யார் திம்பா?” என்று அப்போதே கேட்டாள்.

“டூரிஸ்டுக்கு ஏதும்மா புரட்டாசி?” என்று சிரித்தார். டூரிஸ்டுக்குப் புரட்டாசி இல்லைதான், மழை இருந்தது. புதனும் வியாழனும் கொட்டிய மழையில் நாற்காலிகள் நனைந்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை ஐந்து மணி நேரம் கரண்ட்டும் இல்லை. ஏழு கிலோ கறி அப்படியே தங்கிவிட்டது.

இன்று காலை அவருக்கு ஒரு போன் வந்தது. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பத்தைந்து பேருக்கு மதியம் சிக்கன் சாண்ட்விச் வேண்டுமாம். டீச்சர் கறாரான பேர்வழி போலிருக்கிறது. பெட்டியில் சமைத்த தேதி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். “எங்ககிட்ட மைக்ரோபயாலஜி படிச்ச பொண்ணே இருக்கு மேடம், அவங்க கையெழுத்தோட வரும்” என்று புருஷோத்தமன் சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. பிறகு உள்ளே வந்தார். நான்கு டப்பாவிலும் ஒட்டியிருந்த பழைய தேதியை நகத்தால் சுரண்டி எடுத்தார். புது ஸ்டிக்கர் கட்டையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார்.

“நேத்து தேதி போடு. கீழ உன் பேரு, டிகிரி எல்லாம் போட்டுடு.”

அப்போதுதான் அவள் கொட்டச் சொன்னாள்.

“ஃப்ரிட்ஜுலதானம்மா இருந்துச்சு? என்னா ஆயிடும்?”

“கரண்ட் போன அஞ்சு மணி நேரம் அது ஃப்ரிட்ஜு இல்ல சார், பீரோ.”

தனக்கொடி ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். உழவர்கரையிலிருந்து வருகிறவள், இந்தக் கடையில் ஒன்பது வருஷம். “வாசம் ஒண்ணும் வரலியே பொண்ணு. மிளகும் கடுகு சாஸும் தூக்கலா போட்டா சாமிக்கே தெரியாது.”

“சாமிக்குத் தெரியாதுக்கா, கொழந்த வயித்துக்குத் தெரியும். மோந்து பாக்காத, தொட்டுப் பாரு.”

தனக்கொடி விரலை வைத்து எடுத்தாள். கறிக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய நூல் இழுத்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“முட்டை அடுப்புல ஏத்திட்டேன் சார்,” என்றாள் சங்கவி. “அறுபது முட்ட. சிக்கன் இல்ல, முட்டைதான்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க. வேணாம்னா போவட்டும்.”

“ஏழு கிலோ கறி நட்டத்த யாரு குடுப்பா? உங்கப்பனா?”

“வாங்காதீங்கன்னு சொன்னப்ப கேட்டிருந்தா யாரும் குடுக்க வேணாம்.”

புருஷோத்தமனின் முகம் சிவந்தது. இதுவரை காட்டாத குரலை இப்போது எடுத்தார். “மீன் நாத்தத்துலயே பொறந்து வளந்தவ நீ. உனக்குக் கறி நாறுதா?”

தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். சங்கவிக்குக் காது இரண்டும் சூடேறியது. கல்லூரியில் பின்பெஞ்சுக்காரிகள் இதையே சொன்னபோது அழுதிருக்கிறாள். இப்போது அழுகை வரவில்லை.

“நாறல சார். அதான் சொல்றேனே, நாத்தம் வர வரைக்கும் காத்திருக்கிறவன் முட்டாளு. எங்கம்மா மீந்த மீன உப்புல போட்டு, கருவாடுன்னு சொல்லித்தான் விக்கும். இன்னிக்குப் புடிச்சதுன்னு சொல்லாது. அது மூணாவது வரைக்கும்தான் படிச்சிருக்கு.”

“ரொம்பப் பேசாத. நீ எழுதலன்னா நான் எழுதிக்கிறேன். உன் பேரப் போட எனக்குத் தெரியாதா?”

அவர் பேனாவை எடுத்தார். முதல் ஸ்டிக்கரில் நேற்றைய தேதி. அடியில் எஸ். சங்கவி, பி.எஸ்சி. அவள் பெயரை அவர் எழுதி டப்பாவில் ஒட்டுவதை அவள் நின்று பார்த்தாள். மூன்று வருஷம் கதிர்காமம் வரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்து வாங்கிய மூன்று எழுத்து, ஒரு நிமிஷத்தில் கெட்ட கறி டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தைந்து பிள்ளைகள். நடுராத்திரி ஏதாவது லாட்ஜில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தால், டீச்சர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து இந்தப் பெயரைத்தான் படிப்பார்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். “பத்து நிமிஷத்துல நறுக்கி முடிச்சிருக்கணும்” என்று தனக்கொடியிடம் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

சங்கவி கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து ஃபினாயில் பாட்டிலை எடுத்தாள்.

“அடியே! வேணாம்டி!” தனக்கொடி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “உன் வேலை போயிடும்டி, பாவி.”

“எழுதும்போதே போயிடுச்சுக்கா. உட்டுடு.”

தனக்கொடி பிடித்த கையை எடுத்தாள். தானாகத்தான் எடுத்தாள்.

நான்கு டப்பாவையும் திறந்து, ஒவ்வொன்றிலும் கால் பாட்டில் ஊற்றினாள் சங்கவி. கறியின் ஈரத்தில் பட்டதும் ஃபினாயில் பால் மாதிரி வெளுத்தது. சமையல்கட்டு முழுக்க ஆஸ்பத்திரி வாடை எழுந்தது. காலிப் பாட்டிலை மேசை நடுவில் வைத்தாள். அவர் எழுதிய ஸ்டிக்கரை உரித்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“நான்தான் ஊத்துனேன்னு சொல்லுக்கா. நீ தடுத்தன்னும் சொல்லு, அது நெசம்தானே. முட்ட இன்னும் அஞ்சு நிமிஷத்துல வெந்துடும், பச்சத் தண்ணில போட்டா தோலு சுளுவா வரும்.”

ஏப்ரனை அவிழ்த்தாள். வாடை பிடித்து ஓடிவந்த புருஷோத்தமன் கதவை மறித்துக்கொண்டு நின்றார். டப்பாக்களைப் பார்த்தார்.

“என்னாடி பண்ணி வெச்சிருக்க?”

“இனிமே அத எந்தத் தேதி போட்டாலும் விக்க முடியாது சார். வழி விடுங்க.”

“போலீசக் கூப்புடுவேன்!”

“கூப்புடுங்க. கறி எப்ப வெந்துச்சுன்னு கேப்பாங்க, நானே சொல்றேன்.”

அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை. கடைசியில் வாசலில் யாரோ மறுபடி கூப்பிட, அவர் திரும்பிய அந்த இடைவெளியில் அவள் புகுந்து, மேசைகளைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். முதுகுக்குப் பின்னால் இந்த மாதச் சம்பளம் கிடையாது என்று கத்துவது கேட்டது. அவள் திரும்பவில்லை. பள்ளிக்கூட பஸ் எங்கே நிற்கிறதென்று முனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பையிலிருந்த ஸ்டிக்கரை டீச்சரிடம் காட்ட அந்தப் பக்கம் நடந்தாள்.