சனிக்கிழமை பாட்டில்

போடியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் திருவிழா. மேலே ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வளைவுகளில் இறங்கி வரும். அன்று வாரக்கூலி நாள். கூலி கைக்கு வந்ததும் பாதிப் பேர் கடைத்தெருவுக்குப் போவார்கள். உடம்பு முடியாதவர்கள் நேராக இங்கே வந்து வரிசையில் உட்காருவார்கள். என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள்:

"ஒரு பாட்டில் ஏத்திவிடு ஆத்தா. திங்கக்கெழம மலையேறணும்."

குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிடுகிறவள் முனீஸ்வரி. ராசிங்காபுரத்துக்காரி, இருபத்திரண்டு வயது. வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாள். எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்க்கும் கலையரசி தன் கையையே நீட்டி நரம்பு தேடக் கற்றுக்கொடுத்தாள். முனீஸ்வரி படித்த நர்சிங் அவ்வளவுதான். டாக்டர் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரியை நடத்துவது அவருடைய மைத்துனர், மேனேஜர் லிங்கேஸ்வரன்.

நர்சிங் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது வழி சொன்னதும் அவர்தான்.

"தனியார் காலேஜுக்கெல்லாம் உங்க வீட்டுல முடியாதும்மா. பக்கத்து ஸ்டேட்டுல நமக்குத் தெரிஞ்ச காலேஜ் ஒண்ணு இருக்கு. நீ போகவே வேணாம். இங்கயே சோலியப் பாத்துக்கிட்டு இரு, பரீட்சைக்கு மட்டும் போயிட்டு வா. பீஸைச் சம்பளத்துல புடிச்சுக்கிறேன்."

போகாமலேயே எப்படி நர்சாவது என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அம்மா அன்னக்கொடிக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அவளும் மலையேறிக் காய் எடுக்கிறவள். மகள் சம்பளம் நிற்காமல் மகள் படிப்பாள் என்றால் வேறென்ன வேண்டும்? முனீஸ்வரியும் சரி என்று தலையாட்டினாள். அரசு நர்சிங் பள்ளிக்கு முன்பே போட்டிருந்த விண்ணப்பத்தை அவள் மறந்தே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பேச்சி வந்தாள். அம்மாவோடு ஒரே ஜீப்பில் போகிறவள், முனீஸ்வரிக்குச் சின்னம்மா முறை. முந்தின நாள்தான் பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் அவளைக் காய் எடுக்க இறக்கிவிட்டிருக்கிறார்கள். வேர்த்துக் கொட்டியது, வாந்தி, வாயோரம் எச்சில் ஒழுகியது. "பித்தமா இருக்கும்டி, பாட்டில் ஏத்து," என்றாள். முனீஸ்வரி ஏற்றினாள். பாதிப் பாட்டில் இறங்குவதற்குள் பேச்சியின் தோள் சதை துடிக்கத் தொடங்கியது. டாக்டர் போனை எடுக்கவில்லை. "கோட்டைக் கழட்டிட்டு ஏறு, நம்ம பேரு வரக் கூடாது," என்று லிங்கேஸ்வரன் சொல்லி, அவளையும் பேச்சியையும் நூற்றியெட்டில் ஏற்றிக் கானாவிலக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே அவசரப் பிரிவில் முதலில் வந்தவள் ஒரு மாணவி. நர்சிங் பள்ளியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், முனீஸ்வரியைவிடச் சின்னவள். பேச்சியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது.

"மருந்தடிச்ச எடத்துல இருந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் டாக்டரைக் கூப்பிட்டாள். பிறகு பேச்சியின் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "நீங்க என்ன குடுத்தீங்க?" என்றாள்.

"குளுக்கோஸ் பாட்டில்."

"எதுக்கு?"

அந்தப் பெண் குத்திக்காட்டவில்லை. எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டாள்.

பேச்சி பிழைத்தாள். கண் விழித்ததும் தோட்டத்தில் விட்டுவந்த தூக்குவாளியைத்தான் கேட்டாள். முனீஸ்வரிக்குக் கோபம் வந்தது. முதலில் தன்மேல், பிறகு கோட்டை மாட்டிவிட்டவர் மேல், கேள்வி கேட்காமல் கையை நீட்டுகிறவர்கள் மேலும். அது அடங்கவே இல்லை.

அந்த வாரமே அரசு நர்சிங் பள்ளியில் இருந்து கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. மூன்று வருஷம், பெயருக்கு ஒரு கட்டணம், கையில் கொஞ்சம் உதவித்தொகை. ஆனால் முழுநேரப் படிப்பு. சம்பளம் நின்றுபோகும். வரும்போது அசல் சான்றிதழ்கள் வேண்டும்.

"மூணு வருசத்துக்கு ஒத்த ஆளு கூலியில எப்படிடி?" என்று அன்னக்கொடி கத்தினாள்.

"பேச்சி சின்னம்மா எடத்துல நீ படுத்திருந்தாலும் நான் பாட்டில்தாம்மா ஏத்தியிருப்பேன்."

அன்னக்கொடி எழுந்து தூக்குவாளியைக் கழுவப் போனாள். சரி என்று சொல்லவில்லை.

சான்றிதழ் வீட்டில் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் அது வழக்கம். வேலைக்குச் சேருகிற பெண்களிடம் மார்க் ஷீட்டை வாங்கி மேனேஜர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடாதாம். முனீஸ்வரியும் வேலை கிடைத்த சந்தோஷத்தில் தானாகவே நீட்டியவள்தான். நகல் கேட்டு எழுதிப்போட்டால் கலந்தாய்வு முடிந்த பிறகுதான் வரும்.

அவள் போய்க் கேட்டாள். லிங்கேஸ்வரன் சிரித்தார்.

"இந்தக் காய் சீசன் முடியட்டும்மா."

"சீசன் முடியறப்ப சீட்டு இருக்காது சார்."

"அதுக்குத்தான் நம்ம காலேஜ் இருக்குல்ல? உனக்கு நல்லது சொன்னா ஏறமாட்டேங்குது."

மறுநாளும் கேட்டாள். சாவி டாக்டரிடம் இருக்கிறது என்றார். டாக்டரைக் கேட்டால் மேனேஜரைக் கேள் என்றார். மச்சானும் மைத்துனரும் அவளைப் பந்தாடினார்கள். கலந்தாய்வு வரும் திங்கட்கிழமை. சனிக்கிழமை வந்துவிட்டது.

ஜீப்புகள் இறங்கின. பெஞ்சு நிறைந்து, தரையிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். முதல் ஆளாகச் செல்லக்கிளி கையை நீட்டினாள். அம்மாவோடும் பேச்சியோடும் ஒரே ஜீப்பில் போகிறவள், வாய்க்குப் பேர்போனவள்.

முனீஸ்வரி கோட்டைக் கழற்றி மேசையில் போட்டாள்.

"இன்னைக்கு யாருக்கும் ஏத்த மாட்டேன். நான் நர்சு இல்ல. பன்னெண்டாவதுதான் படிச்சிருக்கேன்."

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பன்னெண்டாவதா?" என்றாள் ஒருத்தி. "எம்மகளும்தான் படிச்சிருக்கா. வீட்டுல சும்மா கெடக்கா, அவளுக்கும் ஒரு கோட்டைக் குடுங்கப்பா."

சிலர் சிரித்தார்கள். செல்லக்கிளி சிரிக்கவில்லை.

"இம்புட்டு நாளும் நல்லாத்தானடி ஏத்துன? காசக் குடுத்துத்தான கேக்குறோம்?"

"பேச்சி சின்னம்மாவுக்கு மருந்து விசம் ஏறியிருந்துச்சு. எனக்குத் தெரியல. பாட்டில் ஏத்துனேன். அடுத்து யாருக்கு ஏத்தட்டும், சொல்லுங்க?"

லிங்கேஸ்வரன் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"ஏய், வெரசா ஊசியப் போடு. உள்ள வந்து பேசிக்கலாம்."

"மார்க் ஷீட்டக் கொண்டாங்க சார். இவங்க முன்னாடியே பேசிக்கலாம்."

"கலை, நீ போய் ஏத்தும்மா."

கலையரசி ஊசித்தட்டை எடுத்தாள். வரிசையைப் பார்த்தாள். தட்டைத் திரும்ப வைத்தாள்.

"என்னோடதும் அந்த பீரோவுலதான் சார் இருக்கு."

வெளியே ஜீப்புக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பின்னாலிருந்தவர்கள் எழுந்து, "முன்னால கட்டுன காசக் குடுய்யா," என்று கவுண்டரை நெருக்கினார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கியதும் லிங்கேஸ்வரனின் முகம் மாறியது. டாக்டரிடம் இருப்பதாகச் சொன்ன சாவி அவருடைய சட்டைப்பையிலிருந்தே வந்தது. இரண்டு பேருடைய மார்க் ஷீட்டையும் மேசையில் எறிந்தார்.

"இனிமே போடிக்குள்ள எந்த ஆஸ்பத்திரியில வேல கெடைக்குதுன்னு பாக்குறேன்."

"நீங்க வச்சிருக்கிறதுக்கு ஆஸ்பத்திரின்னு பேரா சார்?" என்று சொல்லிவிட்டு முனீஸ்வரி மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். இன்னும் திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

சீட்டு கிடைத்தது. பள்ளி திறக்க ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வேலையில்லாமல் அத்தனை நாள் உட்கார வழியில்லாததால், அம்மாவோடு விடியற்காலை ஜீப்பு ஏறினாள். பத்துப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபது பேர். பேச்சியும் இருந்தாள், கன்னம் ஒட்டிப்போய். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். வேலைக்கு வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று தோட்டத்துக் கங்காணி சொல்லியிருந்தான்.

எதிரே செல்லக்கிளி. ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் திரும்பினாள்.

"ஏன்டி, எனக்கு எந்திரிச்சா தல சுத்துது. முட்டிக்குக் கீழ மரத்துப்போகுது. என்னன்னு சொல்லு."

"தெரியாது அத்தே. பெரியாஸ்பத்திரியில போய்க் காட்டு."

"ஒரு நாக் கூலிய யாரு குடுப்பா, கங்காணியா? நீ எப்பச் சொல்லுவ?"

"படிச்சுட்டு வந்து சொல்றேன்."

"மூணு வருசம்."

"ஆமா."

"அது வரைக்கும் நாங்க?"

ஜீப்பு வளைவில் திரும்ப, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். முனீஸ்வரி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். செல்லக்கிளி பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.