அவசரமில்லை என்று சொன்னவன்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. நெய்வேலியில் சித்தி மகள் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், எழுதாமல் இருப்பதற்காகப் போனேன். காதலும் கல்யாணமும் மனஸ்தாபமும் சமாதானமுமாக எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஒரு சாயங்காலம் கொத்தமல்லி வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்தபோது, கடைகளுக்குப் பின்னால் புதிதாக வைத்திருந்த கார் சார்ஜிங் ஸ்டாண்டில் ஒரு பெண் தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் வியர்வையுமாக நின்றிருந்தாள். சுற்றிலும் ஆண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள். அவள் சொன்ன ஒரே ஒரு பதில் என் காதில் விழுந்தது.

"எல்லாருக்கும் சமமாப் பிரிச்சா, யாருக்குமே ஏறாதுங்க."

கொத்தமல்லியை மறந்து, அந்த வாக்கியத்தோடு வீடு திரும்பினேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. மணிமொழி என்று வைத்துக்கொண்டேன். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

'கொன்றைப் பூக்கள் உதிர்ந்து கிடந்த அந்த அகலமான சாலையில், அவளுடைய துப்பட்டா காற்றில்—'

(வேண்டாம். என் கதைகளில் எப்போதும் ஏதாவது உதிர்ந்துகொண்டே இருக்கிறது. தவிர, கரண்ட் வேலை பார்க்கிறவள் துப்பட்டாவைப் பறக்கவிட மாட்டாள்.)

'மணிமொழி பேரழகி அல்ல. ஆனாலும் அவள் கண்களில்—'

(அவள் கண்களில் தூக்கம் இருந்தது. வேறொன்றுமில்லை.)

'மணிமொழிக்குக் கான்ட்ராக்ட் வேலை. அவள் புருஷன் குமரவேல் பெர்மனென்ட்.'

இது இருக்கட்டும். இந்த ஊரில் ஒரு தம்பதியை இதைவிடச் சுருக்கமாக அறிமுகப்படுத்த முடியாது. குமரவேலுக்குச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. பல வருஷம் காத்திருந்து இப்போதுதான் பெர்மனென்ட் ஆனான். ஊரை விட்டு நகர முடியாது. மணிமொழி, சார்ஜிங் ஸ்டாண்டு அமைத்துத் தரும் ஒரு சென்னைக் கம்பெனியில் இருக்கிறாள். இங்கே வேலை முடிகிற கட்டம். அடுத்தது ஓசூர், இரண்டு வருஷம். வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் மேனேஜருக்குச் சொல்லியாக வேண்டும்.

தோசை ஊற்றிக்கொண்டே கணவனிடம் கேட்டாள்.

"உன் இஷ்டம் மொழி. எனக்கொன்னும் அவசரமில்ல. யோசிச்சிச் சொல்லு."

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது இந்த 'அவசரமில்ல'வுக்காகத்தான் அவனைக் காதலித்தாள். மற்ற பையன்கள் உடனே பதில் சொல் என்று பின்னாலேயே வந்தபோது, இவன் ஒருவன் மட்டும் பஸ் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டு நின்றான். இப்போது அதே சொல் அவளைச் சோர்வடைய வைத்தது. போ என்றும் சொல்ல மாட்டான், போகாதே என்றும் சொல்ல மாட்டான். ஓசூர் அவளுக்குப் பிடித்த வேலைதான். ஆனால் இங்கே தன்னை வேண்டுமென்று நினைக்கும் ஒருவன் இருக்கிறானா என்று தெரியாமல் எதை விட்டுப் போவது, எதற்காக நிற்பது?*

* இரண்டாவது வரைவுவரை இந்த இடத்தில் ஒரு மாமியார் இருந்தார். பெயர் பெரியநாயகி, ஊர் குறிஞ்சிப்பாடி. நல்ல நல்ல வசனங்கள் எல்லாம் அவருக்குத்தான். இவ்வளவு சின்னக் கதை அவரைத் தாங்காது என்று எடுத்துவிட்டேன். கோபமாகத்தான் இருப்பார்.

3

மணிமொழி கட்டுப்பாட்டுப் பெட்டியை மறுபடியும் திறந்தாள்.

அவள் வேலை இதுதான். அந்த ஸ்டாண்டுக்கு வரும் மின்சாரத்துக்கு ஓர் அளவு உண்டு. ஷிப்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் காரைச் செருகுகிறார்கள். அத்தனை பேருக்கும் முழுசாகக் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்தால், ஓர் அளவுக்குக் கீழே போனதும் கார் வாங்கிக்கொள்ளாது, சார்ஜ் நின்றுவிடும். அதனால் யாருக்கு முதலில் என்று பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டும். கம்பெனி கொடுத்த முறைப்படி, திரையில் இரண்டு பொத்தான்கள்: அவசரம், அவசரமில்லை. அவசரக்காரர்களுக்கு முதலில். மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புற ஊரு இது. என் ஒரு காருக்கு இல்லையா?" என்றார் சிவப்பிரகாசம். ரிட்டையர் ஆனவர். எங்கேயும் போக வேண்டியதில்லை. இருந்தாலும் அவருக்கு எப்போதும் அவசரம்.

"கரண்ட் இருக்குங்க சார். இந்த டிரான்ஸ்பார்மருக்குத்தான் தெம்பு இல்ல."

"அப்ப அதுக்கொரு டானிக் வாங்கி ஊத்து!"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்; சிரிக்காவிட்டால் இன்னும் நேரமாகும்.

"எல்லாருமே அவசரம்னு அமுக்கினா நான் என்ன சார் பண்ணட்டும்?"

"எல்லாரும் எங்க அமுக்குறாங்க? அதோ நிக்குது பாரு ஒரு வெள்ளக் காரு. அந்த ஆளு ஒரு கேணயன். தெனமும் வந்து அவசரமில்லன்னு அமுக்கிட்டுப் போறான். ஒரு பொட்டுக் கரண்ட் ஏறல. எவன் பைக்லயாவது தொத்திக்கிட்டு ஷிப்டுக்குப் போறான். அவனப் பாத்தாவது எனக்குப் புத்தி வரணும்ங்கிறியா?"

மணிமொழி திரும்பிப் பார்த்தாள். பழசாக வாங்கிய கார். ஸ்டியரிங் உறை அவள் தேர்ந்தெடுத்தது.

"அது எங்க வீட்டுக்காரரு சார்."

சிவப்பிரகாசம் ஒரு நிமிஷம் கேபிளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"தங்கமான புள்ளம்மா," என்றார்.

4

இங்கே மேலே எழுத முடியாமல் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

குமரவேலை நம்ப முடியவில்லை. இவ்வளவு விட்டுக்கொடுக்கிறவன் உண்டா? உண்டென்றால், அது நல்ல குணமா, ஒருவித அழுத்தமா? மாத நாவல்களில் இப்படிப்பட்ட கணவர்களை நிறையப் படைத்திருக்கிறேன். வாசகிகள் கடிதம் போட்டு மெச்சுவார்கள். அவர்களோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

எழுதிய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பிரகாசம் கதைக்குத் தேவையே இல்லாதவர். அவர்தான் அதிகம் பேசியிருக்கிறார். குமரவேலுக்கு ஒரே ஒரு முறைதான் வாய் திறக்கக் கிடைத்தது, அதுவும் தோசைக்கு நடுவில். கேட்டவருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். கேட்காதவனுக்கு, மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று—

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். உங்களுக்கே புரியும்.)

மணிமொழி என்னைவிடக் கெட்டிக்காரி. அன்றைக்கே கம்பெனி முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி அமைத்தாள். யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒவ்வொரு காருக்கும் வரிசைப்படி ஒரு நேரம் வரும். அந்த நேரத்தில் அது முழுசாக வாங்கிக்கொள்ளும். பிறகு அடுத்தது. சத்தம் போடுகிறவர் காத்திருக்கலாம். சும்மா இருக்கிறவரை விட்டுவிடக் கூடாது.

கார்களுக்குச் செய்துவிட்டாள். வீட்டுக்கு?

5

முடிவு ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குமரவேல் ஸ்டாண்டுக்கு வருகிறான். முதன்முறையாக 'அவசரம்' பொத்தானை அமுக்குகிறான். அவளைப் பார்க்கிறான். அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

(எழுதும்போது என் கண்ணே கலங்கியது. அதனால்தான் அடித்துவிட்டேன். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, ஓர் ஆண்பிள்ளை வாயைத் திறக்காமலே தப்பித்துவிடுகிறான்.)

முடிவு இரண்டு. ஓசூர். சின்ன வாடகை அறை. குமரவேல் லீவு கிடைக்கும்போதெல்லாம் பண்ருட்டிப் பலாச்சுளையோடு—

(பலாச்சுளையை வைத்து ஒரு கல்யாணத்தை எத்தனை நாள் ஓட்டுவது?)

முடிவு மூன்று என்று ஒன்றை யோசிப்பதற்குப் பதிலாக, இருவரையும் காருக்குள் உட்கார வைத்தேன். அதே வெள்ளிக்கிழமை. சார்ஜ் ஏறுகிறது. கேபிள் மாட்டியிருப்பதால் எங்கேயும் கிளம்ப முடியாது.

"ஏன் அவசரம்னு அமுக்கல நீ?"

"எம் பொண்டாட்டி வச்ச மிஷினு. அதுகிட்டப் போயி பொய் சொல்லச் சொல்றியா?"

"பைக்ல தொத்திக்கினு போனதச் சொல்லவே இல்ல."

"நீயே அலுத்துப்போயி வர்ற."

"சரி. ஓசூருக்குப் போவட்டுமா?"

"உன் இஷ்ட—"

"அதச் சொன்னீங்கன்னா எறங்கிடுவேன்."

அவனோடு தனியாக இருக்கும்போது அவள் 'ங்க' போட்டால் அது கோபம். குமரவேல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான், எங்கேயோ ஓட்டிப்போகிறவன் மாதிரி.

"போவாதன்னு சொன்னா நின்னுடுவ," என்றான். "நின்னுட்டு, காலம்பூரா இவனாலதான்னு என்னப் பாத்துக்கினு இருப்ப. அது எனக்கு வேணாம். சந்தோஷமா போயிட்டு வான்னா, அது பொய்யி. அப்ப நான் இன்னாதான் சொல்றது?"

"இப்பச் சொன்னியே, அதையே அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்."

"அன்னிக்கு நீ தோசையப் பாத்துக்கினு கேட்ட."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். அவன் நிறுத்தவில்லை.

"நான் நல்லவன் எல்லாம் இல்ல மொழி. அவசரமில்லன்னு சொல்லிட்டா யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. சுளுவா இருக்கும். நீ மட்டும் கேப்பன்னு நெனச்சேன். நீயும் கேக்கறத வுட்டுட்ட. ஷிப்டு முடிஞ்சி வூட்டுக்கு வந்தா, நீ தூங்கிக்கினு இருக்க. நீ எழுந்துக்கும்போது நான் தூங்கறேன். ஒரே வூட்ல இருந்துகினே—"

அவள் மடியில் போன் அடிக்கிறது. மேனேஜர்.

என் மற்ற கதைகளில் இந்தக் கட்டத்தில் அவள் போனை அணைத்துவிட்டு அவன் தோளில் சாய்வாள். அப்படிச் சாய்த்துச் சாய்த்தே எத்தனையோ பெண்களின் வேலையை நான் பறித்திருக்கிறேன். போனை எடுத்து, வருகிறேன் என்று சொல்ல வைத்தாலோ, இப்போதுதான் வாய் திறந்தவனைத் தனியே விட்டதாக ஆகிவிடும். எனக்கு இரண்டும் முடியவில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கச் சொன்னாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, இரண்டுக்கும் அவளிடம் நியாயம் இருக்கிறது.

கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கள், அவ்வளவுதான். அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.