லாரி மேல் சென்றாயன்

காரிமங்கலம் சந்தையில் அன்று முதலில் சிரித்தவன் வேடியப்பன்தான். பிற்பாடு அதை அவன் யாரிடமும் மறைக்கவில்லை. ஆட்டுச் சந்தை ஓரமாகப் பச்சை நிறத்தில் ஒரு பட்டாளத்து லாரி வந்து நின்றது. பின்பலகையை இறக்கினார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு வயசான ஆள் அதன் மேல் ஏறி நின்று கூட்டத்தைப் பார்த்து ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பைப் பார்த்ததுமே வேடியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த கிடாயின் கயிற்றை மச்சினன் மாதுவின் கையில் திணித்துவிட்டு முன்னால் ஓடினான்.

“டேய் மாது, வாடா! சென்றாயண்ணன்டா! நான் சொல்லுவேன்ல, அவருதான்டா!”

சென்றாயனைப் போல வேடியப்பனும் கூத்தில் கோமாளிதான். ராகி அறுப்பு முடிந்து தை பிறந்தால் காலில் சலங்கை கட்டிவிடுவான். சித்திரை முடியும்வரை ஊர் ஊராகக் கூத்து. மற்ற மாதங்களில் இரண்டு ஏக்கர் மேட்டுநிலமும் ஒரு ஜோடி மாடும் மூன்று ஆடும். பெரிய பேர் ஒன்றும் கிடையாது. ஆனால் சுற்றுவட்டத்தில் எந்த ஊரில் சென்றாயன் ஆடினாலும் நடந்தே போய்விடுவான். அவர் ராஜாவாக வரமாட்டார், பாட்டுப் பாடமாட்டார். தனியாக வந்து நின்று பேசுவார், அவ்வளவுதான். ஆயிரம் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

வேடியப்பன் அவரை முதன்முதலில் பார்த்தது பதினாறு வயதில், தொப்பூர் அடிவாரத்து அம்மன் பண்டிகையில். ராஜா வேஷக்காரன் வழக்கம்போல “நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று கேட்டான். சென்றாயன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “பொழியுதுங்க மகராசா. கிஸ்து கேட்டு அமீனா வந்தா ஒரு மழ. வெட்டி வேலைக்குத் தலையாரி வந்தா ஒரு மழ. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போவ மிட்டாதார் ஆளு வந்தா ஒரு மழ. மூணும் எங்க வூட்டுப் பொம்பளைங்க கண்ணுலதாங்க பெய்யுது.” அந்தப் பக்கத்து ஜமீனான மிட்டாதாரின் காரியஸ்தன் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவன் ஆட்கள் சென்றாயனை மடக்கி அடித்ததில் முன்பல் இரண்டு போயிற்று. அதற்கு அடுத்த நாள் அவர் மேடை ஏறி வாயைத் திறந்து காட்டி, “நான் பேசினது இந்த ரெண்டு பேருக்கும் புடிக்கலீங்க, எறங்கிப் போய்ட்டாங்க” என்றார். அன்றைக்கு வேடியப்பன் சிரித்ததோடு அழவும் செய்தான். சாமி கும்பிடுவதுபோல அவர் நின்ற திசையைக் கும்பிட்டுவிட்டு வீடு வந்தான். இந்தக் கதையை அவன் மாதுவுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

சந்தைக்கு லாரி வந்தது ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த மறுவருஷம். மண்ணெண்ணெய் கிடையாது, துணி கிடையாது. மழையும் பொய்த்து, களி கிண்டக்கூட ராகி இல்லாமல் ஊரே வாடிக் கிடந்தது. லாரி மேல் நின்ற சென்றாயன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: “கல்யாணம் ஆனவங்க கைய தூக்குங்க.” பாதிப் பேர் தூக்கினார்கள். “நீங்கதாங்க பட்டாளத்துக்குச் சரியான ஆளு. வூட்டுல வாங்காத அடியா ஜப்பான்காரங்கிட்ட வாங்கப் போறீங்க?” என்றார். அப்போதுதான் வேடியப்பன் சிரித்தான். கூட்டம் சிரித்தது. “கல்யாணம் ஆவாதவங்களுக்கு ஒரு சேதி. பட்டாளத்துல மூணு வேளையும் நெல்லுச் சோறு. களின்னு சொன்னா அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. ‘களியா, அது என்ன மருந்து’ன்னு கேக்கறான்!”

பக்கத்தில் மாது சிரித்துச் சிரித்து இருமினான். பத்தொன்பது வயது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவன் வயிற்றில் புளித்தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. “மாமா, நான் ஏறட்டுமா?” என்று கேட்டான். வேடியப்பன் விளையாட்டென்று நினைத்து அவன் முதுகில் தட்டினான். தட்டினானா, தள்ளினானா என்பதை அவனால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. மாது லாரி மேல் ஏறினான். சென்றாயன் அவன் தோளில் கையைப் போட்டு, “பாருங்கடா, சிங்கம்! நீங்களும் இருக்கீங்களே, கிடாய புடிச்சிக்கிட்டு!” என்றார். தன் மச்சினன் தோளில் சென்றாயன் கை கிடந்ததைப் பார்த்து வேடியப்பனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது அவனுக்குத் தன்னையே காறித் துப்பவேண்டும்போல இருக்கிறது.

மறு ஆடியில் பழுப்புநிறக் கடுதாசி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். பர்மா எல்லையில் காணாமல் போய்விட்டான், இறந்ததாகக் கருதவேண்டியது. மாதுவின் அக்கா பாஞ்சாலி அழவில்லை. கடுதாசியை வாங்கி அரிசிப் பானையில், அரிசி இல்லாத பானையில், போட்டு மூடினாள். பிறகு புருஷனைப் பார்த்துக் கேட்டாள்: “நீதான கூட்டிக்கிட்டுப் போன?” கல்யாணமான எட்டு வருஷத்தில் அவள் அவனை ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. அப்புறம் அவள் ‘நீங்க’ என்று சொல்லவே இல்லை.

அந்த வருஷம் தை பிறந்தும் வேடியப்பன் சலங்கை கட்டவில்லை. கட்டினாலும் எதைப் பேசுவது? அவனுக்குத் தெரிந்த பேச்செல்லாம் சென்றாயனுடையது. நிற்கிற நிலை, இழுக்கிற இழுப்பு, கூட்டம் சிரித்து அடங்குவதற்குள் அடுத்ததைப் போடுகிற வேகம், எல்லாமே அவரிடம் பார்த்துப் பழகியது. வாயைத் திறந்தால் அந்த ஆள் வந்து நின்றார். ஏர் ஓட்டும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டான். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. துரைமார் வந்து கூப்பிட்டிருந்தால் மாது போயிருக்கமாட்டான். தாசில்தார் மிரட்டியிருந்தாலும் போயிருக்கமாட்டான். சிரிக்க வைத்துக் கூட்டிப் போய்விட்டார்களே!

பங்குனியில் பாப்பாரப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. பாரதக் கூத்தின் கடைசி நாள், பொழுது ஏறின பிறகு துரியோதனன் சாகிற படுகளம். தரையில் துரியோதனன் உருவத்தை மண்ணால் செய்து முடிக்கும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க இரண்டு கோமாளிகள் வேண்டும். “ஒருத்தர் சென்றாயன். அவருக்கு ஈடு குடுக்க நீதான் வரணும்” என்றார் வந்தவர். வேடியப்பன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆயிரம் பேர் முன்னால் அந்த ஆளைக் கேட்கவேண்டும். அவர் வாயாலேயே பதில் வாங்கவேண்டும். “நானும் வரேன்” என்றாள் பாஞ்சாலி.

வேஷம் கட்டுகிற கொட்டகையில் சென்றாயன் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். லாரி மேல் பார்த்ததைவிட இளைத்திருந்தார். கையில் வெள்ளைச் சுண்ணம் குழைத்த கொட்டாங்கச்சி. புருவத்துக்கு மேல் வைக்கவேண்டிய பொட்டு காதோரம் விழுந்திருந்தது.

“யாரு, காரிமங்கலத்துப் பையனா? கண்ணு மங்கிப் போச்சுப்பா. நீயே வெச்சு வுடு.”

வேடியப்பன் கொட்டாங்கச்சியை வாங்கினான். எந்த முகத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகக் காடுமேடெல்லாம் நடந்தானோ அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வெற்றிலை வாடை வந்தது. மோவாயைப் பிடித்து நிமிர்த்தினான். கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்தான்.

“பட்டாளத்து லாரியில எங்க ஊர்ச் சந்தைக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?”

“எத்தினியோ சந்தைக்குப் போனேன். எதுன்னு சொல்றது?”

“மாதுன்னு ஒருத்தன் ஏறினான். தோள்ல கை போட்டு சிங்கம்னீங்க.”

“எல்லாரையும் அப்பிடித்தான் சொல்றது.” சென்றாயன் கண்ணை மூடியபடியே கேட்டார். “நல்லா இருக்கிறானா?”

வேடியப்பனின் விரல் அவர் நெற்றியிலேயே நின்றது. “எதுக்குங்க போனீங்க அந்த லாரியில?”

“கூப்புட்டாங்க. கூத்து நடக்காத வருசம். கூட்டம் இருந்துச்சு, சிரிச்சாங்க. நான் அதுக்குமேல பாத்ததில்லப்பா. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எப்பவுமே பாத்ததில்ல.”

“பொய் சொல்லாதீங்க. தொப்பூர்ல மிட்டாதார் ஆள முன்னால வெச்சுக்கிட்டே மும்மாரி சொன்னவர் நீங்க. நான் பாத்தேன்.”

சென்றாயன் கண்ணைத் திறந்தார். “அட, அவன் அங்க உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனா?”

வெளியே மத்தளத்தில் அடி விழுந்தது. இருபது வருஷம் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டது ஒரே வார்த்தையில் காலடியில் கிடந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால்கூட வேடியப்பனுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

களத்தில் வெயில் ஏறியிருந்தது. மண்ணில் பாதி உருவான துரியோதனனுக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள். வேடியப்பன் தலையில் காகிதக் குல்லாய், அதன் நுனியில் ஒரு மணி. முகத்தில் சணல் தாடி. சென்றாயன் தலையைச் சாய்த்ததும் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

“யாருடா நீ?”

“காரிமங்கலத்தானுங்க.”

“உங்க ஊருல கிடா என்ன வெலைக்குப் போவுது?”

“கிடா வெல தெரியாதுங்க. ஆளு வெல தெரியும். ஒரு லாரி ஆளு, ஒரு சிரிப்புக்குப் போவுது.”

கூட்டம் ஓவென்று சிரித்தது. வேடியப்பன் கையை உயர்த்தினான். “சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். எம் மச்சினன் மாது. இந்த ஆளு பேச்சக் கேட்டுத்தான் பட்டாளத்து லாரியில ஏறினான். செத்துட்டான். பொணம்கூட வூடு வந்து சேரல.” அவன் பேசப் பேசத் தலையில் மணி கிணுகிணுத்தது. தாடி ஒரு பக்கம் நழுவித் தொங்கியது. அதைப் பார்த்து முன்வரிசையில் இருந்த ஒருவன் பக்கத்திலிருந்தவன் மேல் சாய்ந்து சிரித்தான்.

“பொணம் வரலியா?” என்றார் சென்றாயன், வேடியப்பனைக் கைகாட்டி. “அப்ப இங்க நிக்கிறது யாரு?”

கூட்டம் வெடித்தது. சொன்ன பிறகுதான் சென்றாயன் முகம் மாறியதை வேடியப்பன் பார்த்தான். வாய் முந்திக்கொண்டது. ஐம்பது வருஷமாக முந்திக்கொண்ட வாய். அவர் ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்தார். அதற்குள் வேடியப்பனின் கை அவர் கன்னத்தில் இறங்கிவிட்டது. மத்தளக்காரன் கையே ஒரு கணம் நின்றது.

அடி உண்மையான அடி. ஆனால் சென்றாயன் விழுந்த விழுகை இருக்கிறதே! ஒரு சுற்று சுற்றி, காற்றைப் பிடிப்பதுபோலக் கையை வீசி, கால் இரண்டும் மேலே போக மல்லாக்க விழுந்தார். இப்படி ஒருத்தன் விழமுடியுமா என்று அந்தக் கோபத்திலும் வேடியப்பனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக இன்னும் கோபம் வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது.

“நெசமா அடிச்சேன்யா!” என்று கத்தினான். “டேய், நெசமாலுமே அடிச்சேன்டா! சிரிக்கிறீங்களேடா!”

அதற்கும் சிரித்தார்கள். கீழே கிடந்த சென்றாயன் உதட்டில் ரத்தம் கசிந்தது. அவர் தலையைத் தூக்காமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, “இன்னொண்ணு போடு” என்றார். “சிரிப்பு அடங்கறதுக்குள்ள போட்டுடு.”

அது குற்றம் செய்தவன் கேட்கிற தண்டனையா, கோமாளி சொல்கிற கணக்கா என்று வேடியப்பனுக்கு விளங்கவில்லை. கை ஓங்கியபடியே நின்றது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். வரிசை வரிசையாகத் திறந்த வாய்கள். பெண்கள் நடுவே பாஞ்சாலி எழுந்து நின்றிருந்தாள். இடுப்பில் இருந்த நான்கு வயது மகள் அப்பனைக் கண்டு கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பாஞ்சாலி அவனை விட்டுக் கண்ணை எடுக்காமலே, குழந்தையின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து குழந்தை இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.