தாமதமாகப் பிடித்த பிரேக்

முருகையன் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டியவர். 2013 கோடையில் இடுப்பில் ஜவ்வு விலகி, ஆறு மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா படுத்துக் கிடந்தவருக்கு மகள் சங்கவி தன் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அவள் வேலை பார்த்த டி.டி.பி. கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் அது.

பத்தே நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

"பிரேக்க அமுக்கி ரெண்டு செகண்டு கழிச்சுதாம்மா பிடிக்குது. இத எவன் ஓட்டுவான்?"

"ரேம் பத்தலப்பா. கிராபிக்ஸ் கார்டும் இல்ல. ஞாயித்துக்கிழம விழுப்புரம் போய் பாத்துட்டு வர்றேன்."

கையில் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் துரைக்கண்ணுவின் கடையில் அவள் நினைத்து வந்த கார்டே இருந்தது. அவளுடைய பவர் சப்ளை எத்தனை வாட் என்று கேட்டுக்கொண்ட துரைக்கண்ணு கார்டைத் திரும்ப எடுத்து வைத்தார்.

"அந்த பவர் சப்ளை இத தாங்காதும்மா. கேம் போட்டா ஆஃப் ஆயிக்கினே இருக்கும். சின்ன கார்டு ஒண்ணு தர்றேன், கூட ரெண்டு ஜிபி ரேம் போட்டுக்க. கேம்ல நிழலு, மரம் எல்லாத்தையும் கொறைச்சு வை. ஓடும்."

வீட்டில் மாட்டியதும் திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் சத்தம் மட்டும் கேட்டது. ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து மறுபடி அழுத்தினாள். வந்துவிட்டது. சாலையோர மரங்கள் பச்சைக் கட்டிகளாகத் தெரிந்தன. ஆனால் பிரேக் உடனே பிடித்தது.

"இப்ப சரி," என்று முருகையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து பஸ் நடுரோட்டில் நின்றிருந்தது. அவர் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் ஸ்லோவாயிடுச்சாப்பா?"

"வண்டி நல்லாத்தான் போவுது. உக்காந்தே இருந்ததுல காலு மரத்துப்போச்சி."

அடுத்த மூன்று நாளும் அதே இருபத்தைந்து நிமிடம்தான். நிஜ பஸ்ஸில் விழுப்புரம் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆகும். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்றே முதலாளியிடம் சொல்லி வந்தவர், நாலாம் நாள் காலையில் அவருக்குப் போன் செய்தார்.

"டிரைவர் சீட்டுக்கு வேற ஆள பாத்துக்கங்க. ஸ்டாண்டுல டைம் கீப்பர் வேல இருந்தா குடுங்க. நின்னுக்கினு பாக்கறதுன்னா முடியும்."

சங்கவிக்கு என்னவோ போலாகிவிட்டது. "நான் இத மாத்தாமயே இருந்திருக்கலாம்ப்பா."

"ஏன்? அம்பது பேர ஏத்திக்கினு போயா தெரிஞ்சிக்கணும்?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி பாஞ்சாலி வெளியே வந்தாள். டிரைவர் வேலையை விடும் பேச்சை எடுக்கவே அவள் பயந்திருந்தாள்.

"எப்ப வரச் சொன்னாரு?"

"ஒண்ணாந்தேதி. சம்பளம் பாதிதான்."

"சரி, சாப்பிட வாங்க," என்றாள்.