இருபத்தேழாம் எண் வில்லை

எங்கள் மலையில் ஒருவருடைய வில்லையை இன்னொருவர் மாட்டக் கூடாது. தொங்கு நாற்காலிகள் வந்து நிற்கும் மேல் நிலையத்தில், காவல் குடிலின் கதவுக்குப் பக்கத்தில், நாற்பது ஆணிகள் அடித்த பலகை ஒன்று இருக்கிறது. கயிறு கட்டிய சறுக்குப் பாதைகளை விட்டு வெளியே போகிறவர் தன் எண் பொறித்த அலுமினிய வில்லையை ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கே போகிறார் என்று சொல்ல வேண்டும். திரும்பியதும் தன் கையாலேயே மாட்ட வேண்டும். மனைவியுடையதைக் கணவன் மாட்டினால், காவலர் எவாரிஸ்டோ அதைக் கழற்றி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். மாலை நான்கு மணிக்கு எந்த ஆணி வெறுமையாக இருக்கிறதோ, அந்த ஆளைத் தேடி அவர் கிளம்புவார்.

பலகைக்குக் கீழே ஒரு பெட்டியும் உண்டு. ஆளைப் பின்தொடர்ந்து தானாகவே படம் பிடிக்கும் சிறு ட்ரோன்கள் எங்கள் பக்கம் பரவிய பிறகு வந்த பெட்டி அது. ஆளைத் தவறவிட்டால் அவை கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். எல்லோரும் குடில் வாசலிலிருந்தே பறக்கவிடுவதால், ஒரு பருவத்தில் முப்பது நாற்பது ட்ரோன்களாவது தனியே வந்து வாசற்படியில் உட்காரும். எவாரிஸ்டோ அவற்றை ஏறிட்டும் பார்க்காமல் பெட்டியில் போட்டு மூடுவார். அநாதைப் பெட்டி என்று அதற்குப் பெயர். ட்ரோன் தனியாக வந்ததற்காக எங்கள் மலையில் எவரும் பதறியதில்லை.

எங்களுக்கு நடுக்குளிர்காலமான அந்த ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், நானும் என் கணவர் அன்செல்மோவின் தம்பி ரெனாட்டோவும் பலகையின் முன் நின்றோம். சறுக்குப் பலகைகள் விற்கும் சாந்தியாகோ கடை ஒன்று இரண்டு ஆரஞ்சு நிற மேலங்கிகளை அனுப்பி, ஒரே ஒரு காட்சி கேட்டிருந்தது: குடில் வாசலிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை, இடையில் வெட்டே இல்லாத ஒரு சறுக்கல். அது பிடித்துப்போனால் ரெனாட்டோ அடுத்த குளிர்காலத்தில் உணவு விடுதியில் தட்டுக் கழுவ வேண்டியிராது.

"எங்க போறீங்க?" என்றார் எவாரிஸ்டோ.

"வடக்குச் சரிவுக்கு, ஐயா." ரெனாட்டோ கண்ணை இமைக்கவில்லை.

"வடக்குல பனி கல்லாட்டம் கெடக்கு. அங்க என்னத்தப் படம் புடிக்கப் போற?"

"என் மூஞ்சியத்தான்."

"அப்ப பேட்டரி வீணு. ஏம்மா எர்சிலியா, இவன நம்பியா போற?"

நான் சிரித்தேன். நாங்கள் போகவிருந்தது வடக்குச் சரிவுக்கு அல்ல, பின்புறத்து அரௌகாரியா மரக்காட்டுக்கு. மூன்று நாள் விழுந்த புதுப்பனி இறுகாததால் அதற்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். அந்தப் பொய்யில் சரிபாதி என்னுடையது.

ட்ரோனுக்கு நாங்கள் வைத்த பெயர் வால். உள்ளங்கையிலிருந்து எழும்பி, எதிரே நிற்பவனின் உருவத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, அவன் போகுமிடமெல்லாம் போகும். நூற்று முப்பது கிராம், நாற்புறமும் கம்பிக்கூண்டு. பனியில் இறக்கினால் அதன் காற்றே பனித்தூளைக் கிளப்பி அதைப் புதைத்துவிடும். ஆகவே விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியதும் அதன் அடியில் உள்ளங்கையை நீட்டிப் பிடித்து, பேட்டரியை மாற்றி, மறுபடி கையிலிருந்தே விடுவோம். இது எங்கள் எல்லோருக்கும் தும்முவதைப் போன்ற பழக்கம். விளக்கு சிவப்பாகும்வரை காத்திருப்பது மடத்தனம். வெயிலில் கால்பங்கு மின்சாரம் என்றால் அது கால்பங்குதான். குளிரில் அது திடீரென்று ஒன்றுமில்லாமல் போகும், வால் கல்லைப்போல் விழும். மாற்றுப் பேட்டரிகள் மூன்றும் என் சட்டைக்குள் இருந்தன. அவை சூடாக இருக்க, அவித்த அரௌகாரியாக் கொட்டைகளைச் சுடச்சுடக் காலுறையில் கட்டிக் கூடவே வைத்திருந்தேன்.

ரெனாட்டோவின் கையிலிருந்து வால் எழும்பியது. மலைமுகட்டில் ஐந்து நிமிடம் நடந்து, கயிற்றைக் குனிந்து கடந்து, அவன் காட்டுக்குள் இறங்கினான். வால் அவன் பின்னே. காட்சிக்குள் விழாதபடி நான் ஸ்கீயில் வெகுதூரம் தள்ளி வந்தேன்.

முதலில் நான் கண்டது வாலைத்தான். ஒரு பெரிய அரௌகாரியாவின் கீழ்க்கிளை ஓரம், இரண்டு ஆள் உயரத்தில், அசையாமல் தரையைப் பார்த்தபடி நின்றது. அதன் கீழே ரெனாட்டோ இல்லை. பனியில் ஒரு துளை மட்டும் இருந்தது.

கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் மரத்தடியைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த குழி உண்டாகும். மேலே பார்த்தால் சமதரை. உள்ளே ஒன்றும் இல்லை. ரெனாட்டோ அதில் பக்கவாட்டாக விழுந்திருந்தான். நான் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் தோண்டினேன். முதலில் மேலங்கி தெரிந்தது, பிறகு தலைக்கவசம், கடைசியில் பனி அடைத்த வாய். விரலைவிட்டு வழித்தெடுத்தேன். அவன் இழுத்த முதல் மூச்சின் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது.

"அண்ணி... கால் எங்க இருக்குன்னே தெரியல."

அவனுடைய சறுக்குப் பலகை வேருக்கும் அடிமரத்துக்கும் நடுவே குறுக்காகச் செருகியிருந்தது. வலது கால் அதோடு முறுகி மாட்டிக்கொண்டிருந்தது. வலது கை முதுகுக்கு அடியில். நான் பலகையை அசைத்ததும் அவன் அலறினான். அந்த அலறலுக்கே ஒரு கிளை தன் பனியைக் கொட்டி அவன் முகத்தை மூடியது. மறுபடி வழித்தேன். எழுந்து நிற்க முயன்றபோது விளிம்பு சரிந்து மறுபடியும் மூடியது. அப்போதுதான் எனக்கு நிலைமை விளங்கியது. ஏறிப்போய் ஆள் கூட்டிவர இடுப்பளவுப் பனியில் ஒரு மணி நேரமாகும். நான் அகன்றால் ஐந்து நிமிடத்தில் அவனுக்கு மூச்சு நின்றுவிடும். பள்ளத்தில் கைப்பேசிக்கு ஒரு கோடுகூட இல்லை. நான்கு மணிக்கு எவாரிஸ்டோ இரண்டு வெற்று ஆணிகளைப் பார்ப்பார், கிளம்புவார். ஆனால் வடக்குச் சரிவுக்குப் போவார்.

குழிக்குள் இறங்கி என் முதுகால் சரிவை அணைத்துக்கொண்டேன். இப்போது இருவரும் உள்ளே இருந்தோம்.

வால் தாழ்ந்து வந்து எங்களுக்கு மேலே நின்றது. விளக்கு மஞ்சள். என் கை தானாகவே உயர்ந்து, உள்ளங்கை விரிந்து, அதன் அடிக்குப் போனது.

"கையக் கீழ போடுங்க அண்ணி!" ரெனாட்டோ கத்தினான். "புடிச்சீங்கன்னா அவ்ளோதான். இந்தக் குழிதான் அதுக்கு வீடு!"

கையை இழுத்துக்கொண்டேன். கையில் இறங்கி மறுபடி எழும்பினால், எழும்பிய இடமே அதற்குக் கிளம்பிய இடம். என் மார்பில் மூன்று சூடான பேட்டரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் போட்ட கணமே வால் குடிலை மறந்துவிடும். வெட்டில்லாத காட்சி வேண்டும் என்று இவன் பிடிவாதம் பிடித்ததால் மட்டுமே அதன் நினைவில் இன்னும் அந்த வாசற்படி இருந்தது.

"அனுப்பலாம்," என்றேன். "ஆனா பெட்டியில போட்டு மூடிருவாரே."

"வில்லையக் கட்டுங்க. என்னோடத. உங்களோடதுன்னா, பொம்பள எங்கயோ தொலைச்சிட்டான்னு திட்டிட்டு உக்காந்துருவாரு கிழவன்."

அவன் கழுத்திலிருந்து இருபத்தேழாம் எண் வில்லையைக் கழற்றினேன். அதன் கம்பி வளையத்தை ஸ்கீ கோலின் நுனியில் மாட்டி, கண் இல்லாத பின்பக்கமாக உயர்த்தி, கூண்டின் மூலையில் கோத்துவிட்டேன். வால் ஒருபக்கம் சாய்ந்தது, தள்ளாடியது, பிறகு நிமிர்ந்துகொண்டது. ஆனால் போகவில்லை. அது ஏன் போகும்? அதன் ஆள் இங்கே அல்லவா இருக்கிறான்.

"ஒரு நிமிஷம் ஆளே தெரியலன்னா திரும்பிரும்," என்றான் ரெனாட்டோ. அவன் சொல்லாமல் விட்டதை இருவரும் யோசித்தோம். என்னை மறைத்து அவனைக் காட்டினால் அவனைப் பிடித்துக்கொள்ளும். அவனை மறைத்தால், அதே ஆரஞ்சு மேலங்கியில் இருக்கும் என்னைப் பிடித்துக்கொள்ளும். இருவருமே இல்லாமல் போக வேண்டும். அதற்குப் பனியைத் தவிர அங்கே வேறு போர்வை இல்லை.

"மறுபடியும் மூடணுமா?" அவன் குரல் சிறுத்திருந்தது.

"ஒரே நிமிஷம்டா."

"உங்க நிமிஷம் எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷத்துல சூப்பு ரெடின்னு சொல்லி ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சவங்க நீங்க."

"என் கட்டைவிரலப் புடி. நொடிக்கு ஒருதரம் அமுக்கு. அறுவது வந்ததும் தோண்டிருவேன்."

"அமுக்கறது நின்னுட்டா?"

அவனுடைய இடது கையில் என் கட்டைவிரலைக் கொடுத்து, அவன் முகத்தோடு முகம் வைத்துக் குனிந்து, கிளையைப் பற்றி உலுக்கினேன்.

பனிக்குள் இருட்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன், நீலமாக இருந்தது. ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. ஒன்று, இரண்டு என்று அவன் அமுக்கினான். நாற்பதைத் தாண்டியபோது ரீங்காரம் நெருங்கியது. வால் எங்களைத் தேடி இறங்கியது. அதன் காற்று பனித்தூளை ஊதியது. என் முழங்கை சில்லென்றது. முழங்கை வெளியே தெரிகிறது! ரீங்காரம் நிலைத்தது. பார்த்துவிட்டது.

முழங்கையை உள்ளே இழுத்தேன். "முதல்லேர்ந்து," என்றேன். அவன் ஏதோ சொன்னான். அது வசவாகத்தான் இருக்க வேண்டும். மறுபடி ஒன்று, இரண்டு.

முப்பத்தொன்றில் அமுக்குவது நின்றது.

அந்தக் கை என் விரலைச் சுற்றியபடியே இருந்தது, ஆனால் அதில் அழுத்தம் இல்லை. நான் தலையைத் தூக்கினால் அவனுக்குக் காற்று கிடைக்கும். வாலும் எங்களோடு தங்கிவிடும், சில நிமிடங்களில் எங்கள் மேலேயே விழும். தூக்காவிட்டால் அது போகும். போகும்போது இவன் உயிரோடு இருப்பானா என்பது எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து. அன்செல்மோவின் முகம் வந்தது. என்ன சொல்வேன் அவரிடம்? நாற்பத்தாறு. என் கழுத்து நிமிரத் துடித்தது. பல்லைக் கடித்து அதை அழுத்தினேன். எண்களை நான் வேகமாக ஓட்டுகிறேனோ என்ற சந்தேகத்தில் வேண்டுமென்றே நிதானப்படுத்தினேன். அப்படி நிதானப்படுத்திய ஒவ்வொரு நொடிக்காகவும் பின்னால் பல நாள் என்னை நானே விசாரித்திருக்கிறேன்.

ரீங்காரத்தின் சுருதி மாறியது. ஏறியது. மெலிந்தது. இல்லாமல் போனது.

தோண்டினேன். உதடுகள் ஊதா நிறமாக இருந்தன. கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். இருமினான்.

"அறுவத்திரெண்டு," என்றான். "ஏமாத்திட்டீங்க."

"அமுக்கறத ஏண்டா நிறுத்தின?"

"விரல் மரத்துப்போச்சு. மனசுக்குள்ள எண்ணினேன்." பிறகு, "போயிருச்சா?"

"போயிருச்சு."

வாசலுக்குப் போனதா, முகட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்துவிட்டதா என்பதை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இனி அவற்றால் வேறு பயன் இல்லாததால் மூன்று பேட்டரிகளையும் அவன் தாடைக்கு அடியில் செருகினேன். கொட்டைகளை உரித்து ஒவ்வொன்றாக ஊட்டினேன். உப்புப் போதவில்லை என்றான். கிளை பனியைக் கொட்டும்போதெல்லாம் அவன் முகத்தை வழித்தேன். வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பல் நிறமானது. "தூங்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் கால்களும் என்னுடையவையாக இல்லை.

ஒரு இரும்புக் கோல் பனியைத் துளைத்து என் தோளுக்கு அருகே இறங்கியது.

"இங்க இருக்காங்க!" எவாரிஸ்டோவின் குரல். பிறகு அவர் முகம் விளிம்பில் தெரிந்தது. கோபத்தையும் காணோம், நிம்மதியையும் காணோம்.

"பெட்டியில போட்டு மூடினேன். ஆனா மூடி சரியா உக்காரல," என்றார். "என்னடா தடுக்குதுன்னு பாத்தா வில்லை தொங்குது. வில்லை தனியா வந்து நான் பாத்ததே இல்ல. படத்தப் போட்டுப் பாத்தேன். என் வாசப்படியிலேர்ந்து இந்த மரம் வரைக்கும் ஒரே இழுப்பா இருந்துது. நீங்க கயித்தத் தாண்டினதையும் பாத்தேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் உங்களையே பனியில புதைச்சுக்கிட்டதப் பாத்தேன். அதோட படம் மேல போயிருச்சு. பொணத்தத் தோண்டத்தான் கோலோட வந்தோம்மா."

பலகையை அறுத்து ரெனாட்டோவை எடுக்க அரை மணி ஆனது. சறுக்கு வண்டியில் கட்டிப் படுக்கவைத்தபோது, எவாரிஸ்டோ தன் பையிலிருந்து இருபத்தேழாம் எண் வில்லையை எடுத்து நீட்டினார்.

"ஐயா, நீங்களே மாட்டிருங்களேன். எனக்குக் கையே இல்ல."

"வாயி இருக்குல்ல? வடக்குச் சரிவுன்னு சொன்ன வாயி."

ரெனாட்டோ வாயைத் திறந்தான். வில்லையின் கம்பி வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டான். குடில்வரை வலியில் முனகியபோதும் பற்களைத் திறக்கவில்லை. வாசலில் நான்கு பேர் வண்டியைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் கழுத்தை நீட்டி ஆணியைத் தேடினான். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவையும் தவறியது. எவரும் உதவவில்லை. மூன்றாம் தடவை வளையம் ஆணியில் விழுந்தது.

பிறகு எவாரிஸ்டோ என் பக்கம் திரும்பி நின்றார். என் விரல்கள் மடங்கியபடியே உறைந்திருந்தன. அவரே என் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி, தன் உள்ளங்கையில் வைத்து என் வாயருகே நீட்டி, காத்திருந்தார்.