கழுத்தின் இடப்பக்கம்

கல்யாண பிளக்ஸ் போடுவதில் கற்பகவல்லிக்கு மிஞ்சிய ஆள் சிவகாசியில் கிடையாது என்று அவள் முதலாளி ராஜபாண்டியன் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். மாப்பிள்ளை எங்கோ நின்று எடுத்த படமும் பெண் எங்கோ நின்று எடுத்த படமும் காலையில் வாட்ஸப்பில் வந்தால், சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் ஒரே புல்லட்டில் முடி பறக்கப் போய்க்கொண்டிருப்பார்கள். ரயில் வாசலில் கை நீட்டுவது, முதுகோடு முதுகு சாய்ந்து நிற்பது, சூரியகாந்திக் காட்டுக்குள் ஓடிவருவது என்று சினிமாவில் காதலர்கள் எப்படியெல்லாம் நிற்பார்களோ அத்தனையும் அவள் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தன. அடியில் 'தயாரிப்பு: பெற்றோர், இயக்கம்: குலதெய்வம், வெளியீடு: ஆவணி' என்று எழுத்து ஓடும். நேரில் இரண்டு வார்த்தை பேசியிராதவர்கள்கூட அவள் கைபட்டால் பத்து வருடம் காதலித்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை வந்த ஆர்டரை மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் மாரிக்கண்ணன், சிங்கப்பூரில் வெல்டர். கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.

"மழை பெய்யணும்க்கா. ஒரே குடை. பொண்ணு தலைய மாப்ள தோள்ல சாய்ச்சிருக்கணும். பொறவு, பொண்ணு கழுத்துக்கிட்ட லேசா ஒரு கோடு தெரியுதாம். அதை எடுத்துட்டு ஸ்மூத்தாக்கணுமாம்" என்றது குரல் பதிவு.

கற்பகவல்லி பெண்ணின் படத்தைத் திறந்தாள். அது அவளே வேலை பார்த்த படம்.

சித்திரை மாதம் நாரணாபுரத்திலிருந்து ஊர்க்காவலன் என்பவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார். புரோக்கரிடம் கொடுக்கப் படம் வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்து, "கழுத்துல மட்டும் சரி பண்ணிக் குடுங்கம்மா" என்றார். மகள் பாண்டிச்செல்விக்கு இடது காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரை தீக்காயத் தழும்பு இருந்தது. கற்பகவல்லி வலப்பக்கத்துத் தோலை எடுத்து இடப்பக்கத்தில் ஒட்டி, நிழலைச் சரிக்கட்டி, முக்கால் மணி நேரத்தில் தழும்பே இல்லாமல் பண்ணிக் கொடுத்தாள். ராஜபாண்டியன்கூட எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் படம் எடுத்து முடித்ததிலிருந்து கடை வாசலிலேயே நின்றாள். படத்தைக் காட்டியபோது ஒரு தடவை பார்த்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் படத்தை வைத்துத்தான் சம்பந்தம் முடிந்திருக்கிறது. மாப்பிள்ளையோ கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறான்.

கற்பகவல்லிக்கு வேலை ஓடவில்லை. மழையைப் போட்டாள், அழித்தாள். குடையைச் சிவப்பாக்கினாள், கறுப்பாக்கினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். அவள் பார்த்த சினிமாவெல்லாம் மனதுக்குள் ஓடத் தொடங்கியது. தாலி கட்டின பிறகு அவன் அந்தத் தழும்பைப் பார்ப்பான். ஏமாத்திட்டீகளே என்பான். மாமியார்க்காரி பெட்டியை எடுத்துத் தெருவில் வைப்பாள். அந்தப் பெண் ஏதாவது செய்துகொண்டால்?

"என்னம்மா, ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிற?" என்றார் ராஜபாண்டியன். காலண்டர் ஆர்டர்கள் குவிந்து கிடந்த நேரம் அது.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அவுக குடும்பத்து வெவகாரம். நமக்கு எதுக்கு?"

"அழிச்சது நான்தானே அண்ணாச்சி."

"அழிக்கச் சொன்னாக, அழிச்ச. பேசாம குடையப் பிடிக்க வையி."

மறுநாள் மத்தியானம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் நாரணாபுரம் பஸ்ஸில் ஏறினாள். ஊர் முக்கில் இறங்கி, வேம்பு நிழலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். மூன்றரை மணிக்குப் பட்டாசு ஆலை வேன் வந்தது. பெண்கள் கையெல்லாம் வெள்ளிப் பொடியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் பாண்டிச்செல்வி இறங்கினாள். பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள்.

"போட்டோ கடை அக்காதான? எங்கய்யாவப் பாக்க வந்தீகளா?"

"ஒன்னையத்தான் பாக்க வந்தேன்." கற்பகவல்லி அவளை ஓரமாகக் கூட்டிப் போனாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டாள். "மாப்பிள்ளைக்கு ஒன் கழுத்து விசயம் தெரியுமா, தெரியாதா? ரெண்டு நாளா எனக்கு இருப்புக் கொள்ளல."

பாண்டிச்செல்வி சிரித்தாள். "தெரியும்க்கா. பேச ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே வீடியோ கால்ல காட்டிட்டேன்."

கற்பகவல்லி இரண்டு நாளாக மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த சினிமா அங்கேயே நின்றுபோயிற்று. "என்ன சொன்னாரு?"

"அழுதாரு. ஒன் மனசத்தான் பாக்கேன்னு சொன்னாரு. அன்னையிலேருந்து தெனமும் காதல் பாட்டா அனுப்புதாரு. மழையில நனையுறது, பனியில ஓடுறதுன்னு. அந்த ஜோடி நாமதான்னு எழுதி அனுப்புதாரு."

"நல்ல மனுசன்தானே?"

"நல்ல மனுசன்தான். ஆனா அம்மாவுக்கு மட்டும் இப்பம் தெரிய வேணாம், தாலி கட்டுன பெறகு பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டாரு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் முடிய முன்னால எடுத்துப்போட்டு, மேல பூவத் தொங்க விட்டுத்தான் எங்க வீட்ல உக்கார வச்சாக. சரி, அதுகூடப் போகட்டும்." அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினாள். "அந்தக் கோட்டையும் எடுத்துரச் சொன்னது யாருன்னு நெனைக்கீக?"

கற்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. தோலை ஒட்டிய இடத்தின் மயிரிழைக் கோட்டை அவ்வளவு உற்றுப் பார்த்தவன், அங்கே தழும்பு இருப்பது தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"எங்கய்யா பயத்துல அழிக்கச் சொன்னாரு. நீங்க அழிச்சீக, அது ஒங்க வேல. இவரு, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல செல்வின்னு சொல்லிக்கிட்டே, பிளக்ஸ்ல அதையும் அழிக்கச் சொல்லியிருக்கேன்னு எங்கிட்டயே சொல்லுதாரே, அதாங்க்கா உக்கார விடமாட்டேங்குது. ஆலையில பக்கத்து ரூம்ல மருந்து வெடிச்சப்ப நான் பட்டாசுத் திரிக்கட்டத் தூக்கிட்டு நடந்து போய்க்கிட்டிருந்தேன். உள்ள இருந்த ரெண்டு அக்காமாரு வரல. நான் வந்தேன். நாப்பத்தோரு நாளு ஆசுபத்திரியில கெடந்தேன். அதைப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல அவரு. கேட்டா நான் வருத்தப்படுவேனாம்."

வேன் திரும்பிப் போயிற்று. தூசி அடங்கும்வரை இரண்டு பேரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"பழைய படம் இருக்காக்கா? அழிக்காத படம்?"

"இருக்கு."

"அதை வச்சும் ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு ஊருக்கு வந்ததும் ஒங்க கடைக்குத்தான் வாறேன்னு சொல்லிருக்காரு. ரெண்டையும் காட்டுங்க. எதை எடுக்காருன்னு எனக்குச் சொல்லுங்க."

சனிக்கிழமை மாரிக்கண்ணன் நான்கு கூட்டாளிகளோடு வந்தான். ஒல்லியான, சிரித்த முகம். விமான நிலையத்து ஒட்டுச்சீட்டைக்கூடப் பையிலிருந்து கிழித்திருக்கவில்லை. கற்பகவல்லி கூட்டாளிகளை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு அவனை மட்டும் உட்கார வைத்தாள்.

முதல் படத்தைக் காட்டினாள். கறுப்புக் குடை, பின்னால் மலை, கம்பி கம்பியாக மழை. அவன் தோளில் பாண்டிச்செல்வி சாய்ந்திருந்தாள். கழுத்து பளிங்கு மாதிரி இருந்தது.

"படத்துல வர்ற மாதிரியே இருக்குக்கா!" என்றான்.

பிறகு இரண்டாவதைத் திறந்தாள். அதே குடை, அதே மழை. தழும்பு மட்டும் இருந்தது. தோளில் சாய்ந்திருந்ததால் காதிலிருந்து கீழ்வரை முழுசாகத் தெரிந்தது.

அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. வெகு நேரம் பார்த்தான். "இதுலதான் செல்வி மாதிரியே இருக்கு" என்றான். கற்பகவல்லிக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவன் டீ குடித்துவிட்டு வாசலுக்குத் திரும்பியிருந்த கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆனாலும் மொதப் படத்தையே போட்டுருங்க" என்றான்.

"எதுக்கு தம்பி?"

"மண்டபத்து வாசல்ல பத்தடிக்கு நிக்கப்போவுது. ஊரே பாக்கும். அம்மா வேற..."

"நான் கேக்கல தம்பி, செல்விதான் கேட்டுச்சு. அதுகிட்ட இப்படியே சொல்லிரவா?"

"அதுவா கேட்டுச்சு?"

"அதுதான். சொல்லுதேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களே நேர்ல போய்ச் சொன்னாலும் சரிதான்."

அவன் எழுந்தான். கூட்டாளி ஒருவனிடம் பைக் சாவியை வாங்கினான். எங்கேலே போற என்று அவர்கள் கேட்கக் கேட்கக் கிளம்பிப் போனான். நாரணாபுரம் பக்கம்தான் வண்டி திரும்பியது.

ஞாயிறு முழுக்க ஒரு தகவலும் இல்லை. திங்கள் காலை பாண்டிச்செல்விக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமா என்று கற்பகவல்லி குமைந்தாள். லாரியில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்த கணவன் நாக்பூரிலிருந்து பேசியபோது, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் இந்தக் கதையைத்தான் சொன்னாள். காலண்டரில் இரண்டு முகூர்த்த நாளை மாற்றிப் போட்டு ராஜபாண்டியனிடம் திட்டு வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மாரிக்கண்ணன் வந்தான். கூட ஒரு அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருடம் தீக்குச்சிக் கட்டை அடுக்கிய விரல்கள், நுனியெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன. அவன் அம்மா சோலையம்மாள்.

"நீதான் படத்த அழிச்சவளா?" என்றாள் உட்காராமலே.

"ஆமாம்மா."

"அழிக்காதத காட்டு."

கற்பகவல்லி காட்டினாள். சோலையம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். குடையையும் மழையையும் அவள் பார்க்கவே இல்லை.

"நான் இந்தப் புள்ளைய வேணாம்னுருவேன்னு நெனச்சீகளோ எல்லாரும்?"

சோலையம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சொல்லியிருப்பேன். அன்னைக்கே பாத்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அது என் பொல்லாத்தனம். ரெண்டு நா கழிச்சு, இந்தக் கையே தீப்பெட்டி மருந்துல வெந்த கைதானேன்னு எனக்கே தோணியிருக்கும். அப்பறம் சரின்னும் சொல்லியிருப்பேன். அதுக்கு எனக்கு ஒரு வழி விட்டீகளா? பொண்ணு வீட்ல மறைச்சாக, பெத்த மகன் மறைச்சான், நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து மறைச்ச. நீங்கல்லாம் நல்லவுக, காதல் ஜோடி. நான் மட்டும் சினிமாவுல வர்ற மாமியாக்காரி!"

தானும் இந்த அம்மாளை முகம்கூடத் தெரியாமல் பெட்டியைத் தெருவில் வைக்கிறவளாகத்தானே நினைத்தோம் என்று கற்பகவல்லி குறுகிப்போனாள்.

சோலையம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். "எம்புட்டு நாளுலே ஆசுபத்திரியில கெடந்துச்சு?"

மாரிக்கண்ணன் தலை குனிந்தான்.

"தெரியாதா? அஞ்சு மாசமா விடிய விடியப் பேசுனியே, என்னதாம்லே பேசுன?"

கற்பகவல்லிக்குப் பதில் தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவள் சொல்லித் தெரிந்துகொள்கிற விஷயம் அல்ல அது.

"வண்டிய எடு" என்றாள் சோலையம்மாள். "அந்தப் புள்ள வேலைக்குப் போயிருந்தா வர்றவரைக்கும் வாசல்ல உக்காந்திருப்போம்."

புதன்கிழமை பாண்டிச்செல்வி போனில் வந்தாள். சனிக்கிழமை வந்தவனை முதலில் அம்மாவிடம் சொல்லுங்க என்று திருப்பி அனுப்பியதையும், மாமியார் மூன்று மணி நேரம் வீட்டு வாசலில் காத்திருந்ததையும், தான் வேலையிலிருந்து வந்தவுடன் முடியை ஒதுக்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததையும், பிறகு அப்பாவை நிற்க வைத்துத் திட்டியதையும் சொன்னாள். கல்யாணம் அதே தேதியில்தான்.

"பிளக்ஸ் மட்டும் வேணாம்க்கா. நான்தான் சொன்னேன். எந்தப் படமும் வேணாம்னுட்டேன்."

ராஜபாண்டியன் நல்ல ஆர்டர் போச்சே என்று இரண்டு நாள் முனகினார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் இரண்டு வாழை மரங்களும் ஒரு கரும்பலகையும்தான் இருந்தன. பலகையில் பெயர்களைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். பாண்டிச்செல்வி முடியை உயரத் தூக்கிக் கொண்டை போட்டு, பூவை அதற்கு மேல் சுற்றியிருந்தாள். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். சிலர் குசுகுசுத்தார்கள். அவள் கழுத்து விறைத்து நிமிர்ந்திருந்தது. போட்டோக்காரர், "பொண்ணு கொஞ்சம் எடம் மாறி நில்லும்மா, வலப்பக்கம் தெரியட்டும்" என்றபோது மாரிக்கண்ணன் குறுக்கிட்டான். "இருக்கபடியே எடுங்கண்ணே." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

கற்பகவல்லி மேடை ஏறி மொய்க்கவரைக் கொடுத்தாள். பாண்டிச்செல்வி அவள் கையை இழுத்துக் காதோடு பேசினாள்.

"அந்த நாப்பத்தோரு நாளையும் சொல்லுன்னு கேட்டாருக்கா. ஒரு நாளைக்கு ஒரு நாளு சொல்லுதேன். பதினோராவது நாளு வரைக்கும் வந்திருக்கு. இப்பம் எனக்குத் தூக்கம் வருது. அவருக்குத்தான் வரமாட்டேங்குது."

"மன்னிச்சிட்டியா?"

"தெரியலக்கா. முழுசாச் சொல்லி முடிக்கட்டும், பாப்போம்."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். கற்பகவல்லி இறங்கினாள். பந்தியில் சோலையம்மாள் எல்லோரையும் வாங்க, சாப்பிடுங்க என்று உபசரித்துக்கொண்டு வந்தாள். இவள் இலைக்கு முன்னால் வந்தபோது ஒரு நொடி நின்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுத்த இலைக்குப் போனாள். கற்பகவல்லி குனிந்து சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வெயிலில் நடந்தாள்.